உன் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த ஃபைல்

என் ஆசை அக்காவுக்கு,

நீ காய்ச்சலில் போன பிறகும் உன் பெயரில் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று உச்சி வேளையில் எஸ்டேட் ஆபீஸைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பனிமூட்டம் ஜன்னல் கம்பிவரை வந்து நின்றது. நீ உட்காரும் மூலையில், ஆளே இல்லாமல், உன் கம்ப்யூட்டரின் மோடம் கீச்சிட்டு இன்டர்நெட்டுக்கு டயல் செய்தது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏங்கண்ணு, உங்கக்கா வந்துட்டாளா?”

“அது தானா ஓடறதுங்க மாமா.”

“அப்ப போன் பில்லுக்கு அவளயே கையெழுத்துப் போடச் சொல்லு.”

சிரித்தார். ஆனால் அதன் பிறகு அந்த மூலைப் பக்கம் அவர் போகவில்லை.

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்யும் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்தில், பெர்ல் மொழியில் எழுதிய புரோகிராம் கட்டுகள், அதாவது பேக்கேஜ்கள், சிலவற்றுக்கு நீ பொறுப்பு. ஒவ்வொன்றும் ஓடுவதற்கு வேறு எவையெல்லாம் வேண்டும் என்று கூடவே எழுதி அனுப்ப வேண்டும். அதைக் கம்ப்யூட்டரே தேடி எழுதி, தினமும் உச்சி வேளையில் உன் பெயரில் கடிதமாக அனுப்பும்படி ஒரு புரோகிராம் வைத்திருந்தாய். நீ இல்லாத நாளை அப்போதே நினைத்தாயா?

வந்த பதில்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எட்டாவதோடு நின்றவளுக்கு அது பெரும்பாடு. உன் கடைசிப் பேக்கேஜ் யாருடைய கம்ப்யூட்டரிலும் ஏறவில்லையாம். அது கேட்கும் ஒரு ஃபைல் எங்குமே இல்லையாம். சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் உன் பேக்கேஜ்களை எல்லாம் நீக்கிவிடுவார்களாம். கடைசியில் ஒருவர், நீங்கள் நலமா என்று கேட்டிருந்தார்.

தேடினேன். உன் வசதிக்காக நீயே எழுதி, வெளியே அனுப்ப மறந்த ஃபைல் அது. இங்கே இருந்ததால் இங்கே எல்லாம் ஒழுங்காக ஓடியது. குறை உன் கண்ணில் படவே இல்லை.

அந்த ஃபைலைக் கேட்கும் வரியை நீக்கினேன். மறுநாள் அது திரும்ப வந்திருந்தது. மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. புரோகிராம்தான் உன் ஃபைலைக் கண்டு எழுதுகிறது என்று புரிந்த பிறகும் பிடரி சில்லிட்டது.

“அந்த ஃபைலையே அழிச்சுப்போடு கண்ணு. அவளும் நிம்மதியாப் போவட்டும்.”

“அவதானுங்க மாமா கேக்கறா.”

அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அழிக்க விரல் வரவில்லை, அக்கா. நீ முன்பு கட்டியவற்றைப் பார்த்துப் பார்த்து, உன் ஃபைலைத் தனிப் பேக்கேஜாகக் கட்டி அனுப்பினேன். யார் முகத்தையும் பார்த்துப் பேசாத நான், நலம் கேட்டவருக்கு நீ இறந்ததை எழுதினேன். உன் பேக்கேஜ்கள் இப்போது எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஏறுகின்றன. யாரும் எதையும் நீக்கவில்லை.

பொறுப்பாளர் இடத்தில் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். நேற்று போன கடிதத்தில் இரண்டு பெயர்களும் இருந்தன. நான் ஒன்றைத்தான் எழுதினேன்.

இனி உன் பெயர்மேல் கை வைக்க மாட்டேன். நீ அடுத்து எதைக் கேட்டாலும் தேடிக் கட்டி அனுப்புகிறேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
செல்வி
நாகலூர்