முழுத் தப்பும் எங்களுடையது

ஐப்பசி 9, வியாழன்

சென்னிமலை பெட்ஷீட்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் எங்கள் ஆபீசில் ஆங்கிலக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுகிறேன். போன மாதம் அனுப்பிய சரக்கில் கறை இருப்பதாக வாங்கியவர் எழுதியிருந்தார். கறை இங்கே பட்டதா, கப்பலில் பட்டதா, இன்னும் தெரியாது. மரியாதைக்காகத் தப்பு எங்களுடையது என்று எழுதினேன். அது மொட்டையாகத் தெரிந்தது. அகராதியைப் பார்த்து டோட்டல், கம்ப்ளீட், அப்சல்யூட் மூன்றையும் முன்னால் சேர்த்தேன்.

இன்று பதில் வந்தது. முழுப் பொறுப்பையும் ஏற்றதற்கு நன்றி, சரக்கு மொத்தத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

"ஏனுங்க அம்மணி, யாரு தப்புன்னே தெரியாம இப்படி எழுதிப்போட்டீங்களே" என்றார் முதலாளி.

"மரியாதைக்குத்தானுங்க எழுதினேன்" என்றேன். அவருக்கும் அது புரிந்தது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றில் எந்தச் சொல் அதிகம்? ஒன்றை மட்டும் போட்டிருந்தால் பாதித் தப்பு என்று எடுத்திருப்பாரா? எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறும்போது ஒரு அம்மா என் காலை நன்றாக மிதித்துவிட்டார். "தப்பு என்னுதுதானுங்க" என்று நான்தான் முதலில் சொன்னேன். "இல்ல கண்ணு, எம்மேலதான்" என்றார் அவர். இருவரும் சிரித்தோம்.

கால் வீங்கியிருக்கிறது.