பாதியில் நின்ற பதில்

வட்டக்கானல்
12.10.2023

அன்புள்ள நதியா,

கல்யாணமாகி ஆடலூருக்குப் போனதும் என்னைத் தலைமுழுகிவிட்டாய் என்று முடிவே கட்டிவிட்டேன். மாமியார் வீட்டுக் காப்பிக் காட்டுக்குள் வழி தெரியாமல் நிற்கிறாயா என்ன?

கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டில் உன் இடத்துக்கு ஓர் அக்கா வந்திருக்கிறார். நல்லவர்தான். ஆனால் நான் திக்க ஆரம்பித்ததுமே பாவமாகப் பார்க்கிறார். அதற்குப் பயந்து பேச்சையே குறைத்துவிட்டேன். போன வாரம் ரிசப்ஷனில் ஆள் இல்லாத நேரம் போன் அடித்தது. எடுத்தேன். 'ஹலோ' வெளியே வரவேயில்லை, வைத்துவிட்டார்கள். இனிமேல் போன் பக்கமே போகமாட்டேன் என்று மேனேஜரிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

தாளில் எழுதும்போது யாரும் என் வாயைப் பார்ப்பதில்லை. உன் வீட்டுப் பட்டன் போனில் தமிழ் மெசேஜ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றாயே, அதுவும் நல்லதுதான். நமக்குக் கடிதமே போதும். உன் மீசைக்காரர், செல்வமுருகன் அண்ணன், எப்படி இருக்கிறார்? கல்யாணப் பந்தியில் அந்த மீசையைப் பார்த்து சாம்பார் ஊற்ற வந்தவரே ஒதுங்கிப் போனார்.

பேச்சுத்துணை இல்லாத,
சத்தியபிரியா

ஆடலூர்
9.11.2023

என் சத்யா,

உன் கடிதம் வந்தது. வந்த கடிதத்தை எல்லோரும் கேட்க வாசிப்பது இந்த வீட்டு வழக்கமாம். சாப்பிட்டு முடித்ததும் அவரே சத்தமாக வாசித்தார். 'மீசைக்காரர்' என்று நீ எழுதிய இடம் வந்ததும் நிறுத்தி, மீசையைத் தடவிக்கொண்டு, அந்த வரியை மறுபடியும் வாசித்தார். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் எனக்கு இங்கே மனசுவிட்டுப் பேச ஆள் இல்லை. நான் கேட்பதற்கு நீ எழுதும் பதிலை இவர்கள் முன்னால் எப்படிக் கேட்பேன்? இப்போது காப்பிப் பழம் பறிக்கிற நேரம். எல்லோரும் வெள்ளனே காட்டுக்குப் போய்விடுகிறார்கள். பகலில் ஒரு தடவை போன் போடேன். உனக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் காதில் வைத்துக்கொண்டே இருப்பேன்.

உன்,
நதியா

ஆடலூர்
4.12.2023

சத்யா,

போன் போட்டது நீதானே? அவர் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். எடுத்தால் வெறும் மூச்சுச் சத்தம், உடனே கட். மறுநாளும் அப்படியே. அவர் அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டால், எடுத்துவிட்டு நீ பேசவேயில்லை.

நீதான் என்றேன். நம்பவில்லை. "அந்தப் பிள்ளதான் போன் பக்கமே போகமாட்டேன்னு எழுதியிருக்கே. அது பேரச் சொல்லி யார மறைக்கிற?" என்கிறார். உன் கடிதத்தையே எடுத்து வந்து அந்த வரியைக் காட்டுகிறார்.

அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். பள்ளங்கியில் அம்மா வீட்டில் போய் இருக்கச் சொல்லி மாமியார் மூலம் சொல்லிவிடுகிறார். நீ எழுதினால் நான் எழுதச் சொன்னதாக நினைப்பார். ஒரு தடவை நேரில் வந்து சொல். உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். சீக்கிரம் வா.

நதியா

வட்டக்கானல்
20.12.2023

அன்புள்ள நதியாவுக்கும், இதை வாசிக்கப்போகும் செல்வமுருகன் அண்ணனுக்கும்,

ஆடலூரிலிருந்து பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன்.

அண்ணா, அன்று உங்கள் காப்பிக் களத்தில் எல்லோரும் நிற்க, "போன் போட்டது நீங்கதானாம்மா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்வதற்குள்ளேயே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எதற்காக என்று கேட்டீர்கள். "நான் எதுக்குன்னா..." வரைக்கும் வந்தது, அதற்குமேல் அடைத்துக்கொண்டது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தீர்கள். அதற்கு என் நன்றி.

நதியா, நீதான் முந்திக்கொண்டாய். "மொளகு பறிக்கிற சோலி கெடைக்குமான்னு கேக்கத்தாங்க போட்டிருக்கா" என்றாய். எல்லோருக்கும் மூச்சு வந்தது. உன் மாமியார் கடுங்காப்பி கொடுத்து, தையில் பறிப்புக்கு வரச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அண்ணா, அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் சொல்லிவிட்டாள். அவளைப் பள்ளங்கிக்கு அனுப்ப வேண்டாம்.

நதியா, உன் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். அம்மா, டீச்சர், மேனேஜர் என்று எல்லோரும் என் வாயில் வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள். நீ மட்டும்தான் நான் முடிக்கிறவரை உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருப்பாய். நீ என் தோழியானது அதனால்தான். வேறு காரணம் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: "நதியாகிட்ட மட்டுந்தான் எனக்குப் பேச வரும், அதான் போன் போட்டேன்." இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். இப்போது அது உண்மையும் இல்லை.

பறிப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். நீ சந்தோஷமாக இரு.

இப்படிக்கு,
சத்தியபிரியா