மானேஜருக்கு நான் எழுதிய கடிதம்

தூத்துக்குடி
23.8.1976

அன்பு மகன் கிருபாநிதிக்கு அப்பா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவைத் தவிர. உன் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் இல்லை. உன் தங்கை ஜெபசெல்விக்கு இது எட்டாம் மாதம், மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார், கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. உன்னோடு பம்பாயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ஜெபசீலன் வேலையை விட்டுவிட்டு சாயர்புரத்துக்கே வந்துவிட்டான். நேற்று ஆராதனை முடிந்ததும் வீடு தேடி வந்தான், காப்பியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான். ஒவ்வொரு கடிதத்திலும் தங்கமான மனிதர் என்று எழுதுவாயே, அந்த மானேஜரைப் பற்றிக் கேட்டேன். சார், ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன் சத்தியம் வாங்கியிருக்கான், சொல்லாம இருக்க முடியல என்று ஆரம்பித்தான்.

திங்கட்கிழமைதோறும் நாற்பது பேர் முன்னால், புரோகிராமில் தப்பு விட்டவனை அந்த மனிதர் எழுந்து நிற்கச் சொல்வாராமே. உன் முறை வந்தால் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து என் கடிதத்தை எடுத்து உன்னையே சத்தமாக வாசிக்கச் சொல்வாராமே. நீ வேலைக்குச் சேர்ந்தபோது நான் அவருக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தகப்பன்மார் முப்பத்திரண்டு வருஷமாக என்னிடம் சொன்னதைத்தான் நானும் எழுதினேன், கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், இனி இவன் உங்கள் பிள்ளை என்று. இங்கே அது மரியாதை. அதைக் கேட்டு எந்த வாத்தியாரும் பிள்ளையை உரித்ததில்லை. அந்த மனிதர் அதை அனுமதிச் சீட்டாக வைத்துக்கொண்டார். நல்ல இங்கிலீஷ் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு. எம் பிள்ளையத் தோலை உரின்னு நீங்களா எழுதிக் குடுத்திய என்று அம்மா ஒரு தடவைதான் கேட்டாள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

போன மாதம் ஒரு நாள் ஆபீஸ் மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாயாம், ஏழாவது மாடி, ஜெபசீலன் நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகனே, அந்த மாடிக்குப் போகாதே. இதை வாசித்ததும் பெட்டியைக் கட்டு. சர்டிபிகேட்டுகளை அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் இருக்கட்டும், நகல் வாங்கிக்கொள்ளலாம். புதுத் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், கிடைக்காவிட்டால் வீட்டில் சும்மா இரு. படித்த பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று கோயிலில் யாராவது சொன்னால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அப்பா தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள். உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிடு.

லீவு கேட்டால் தரமாட்டார் என்பதால் சனிக்கிழமை தந்தி கொடுக்கப் போகிறேன். அப்பா சீரியஸ், உடனே புறப்படு என்று இருக்கும். பயந்துவிடாதே, நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதை அவரிடம் காட்டிவிட்டு ரயில் ஏறு, வழியில் பட்டினி கிடக்காதே. கர்த்தர் உன்னைப் பத்திரமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பாராக. அம்மாவுக்குச் சீரியஸ் என்று கொடுத்தால் நீ இன்னும் சீக்கிரம் புறப்படுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவன் நான், சாகக் கிடக்கிறவனும் நானாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அருமைநாயகம்