எட்டுத் தொட்டிப் பூவெங்காயம்

வாயாடிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வராது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். பால்கனியில் பூவுக்காக நீ வைத்த வெங்காயச் செடியை, அதுதான் உன் பூவெங்காயத்தை, கொன்றுவிட்டேன்.

நீ அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். உன்னைப் போலவே நாலு இலையைக் கிள்ளி முட்டைப் பொரியலில் போட்டுக்கொண்டேன். போன வாரம் இலையெல்லாம் மஞ்சளானது. செத்துவிட்டது என்று எட்டுத் தொட்டியையும் கவிழ்த்துக் கிழங்குகளைக் குப்பையில் கொட்டினேன். புதிதாக வாங்கி வைத்துவிடலாம் என்று நர்சரிக்குப் போனால், கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்யா, இலை பழுக்கிறப்பதான் இது பூக்கும்! ஒரு வாரம் பொறுத்திருந்தா குடியா முழுகிடும்?"

லிஃப்டில் பழுதான பாகத்தை உடனே கழற்றி எறிவது என் வேலை. வேறெதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ வெறுங்கையோடு வருவதற்குள் தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டதும் அப்படித்தான். "கண்ணுல படலன்னா மறந்துடுவே" என்றேன். அதன்பிறகு நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று தொட்டிலை இறக்கி மறுபடி பூட்டினேன். இரண்டு திருகாணிகளைக் காணோம், லேசாக ஆடுகிறது. கட்டிலை ஒட்டி, நீ படுக்கும் பக்கம் வைத்திருக்கிறேன். நீ வரமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் இனி அதைக் கழற்ற மாட்டேன்.

உன் அவசரக்குடுக்கை