ஆறு மணி மோட்டார்

ஜூன் 3

லிஃப்ட்காரருக்கு,

நலம். நீங்களும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை வருதுன்னுதான் கடிதம்னு முடிவு பண்ணினோம். ஆனா இந்தச் சமாச்சாரத்தை எழுதிப் புரியவைக்க முடியுமான்னு தெரியல.

ஹால்ல நீங்க மாட்டிட்டுப் போன தண்ணி ஊத்துற பெட்டியைத்தான் சொல்றேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில மட்டும் ஓடும், அதுவும் மண்ணு காஞ்சிருந்தாதான்னு சொன்னீங்க. அது என்னடான்னா எட்டு மாசமா தினம் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஓடுது. நான் லேப்ல இருந்து வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள உர்ருன்னு சத்தம். மணி பிளான்ட் எப்படியோ தாங்குது. கத்தாழை அழுகிடுச்சு. மிதியடி நனைஞ்சு நாறுது. நாள் முழுக்க அடுத்தவங்க கையில நரம்பு தேடி ரத்தம் எடுக்கிறவளுக்கு நாலு தொட்டியைப் பார்த்துக்கத் துப்பில்லைன்னா சிரிக்க மாட்டாங்களா? இது எதனாலன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

இங்க திரும்பி வர்றதா, அங்கயே இன்னும் மூணு வருஷமான்னு ஜூலை பத்தாம் தேதிக்குள்ள கம்பெனியில சொல்லணும்னு எழுதியிருந்தீங்க. ‘நீ சொல்றபடி’ன்னு என் தலையில கட்டிட்டீங்க. யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

ஊசிக்காரி


ஜூன் 9

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

கடிதம் கிடைச்சது. இங்க ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் பாதியில நின்னு உயிரை வாங்குது, அதான் தாமதம்.

பெட்டியைப் போன்ல இருந்தே ஓட்டுற ஆப்பைத் திறந்து பார்த்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பதான் திறக்கிறேன். சென்சார் சரியா இருக்கு, டைமரும் நான் வச்சபடியேதான் இருக்கு. ஆனா ஆறு மணி ஓட்டத்துக்கு எல்லாம் ‘கையால் இயக்கப்பட்டது’ன்னு காட்டுது. அப்படின்னா யாரோ பட்டனை அழுத்தியிருக்கணும். வீட்டுல இருக்கிறது நீ ஒருத்திதான். வந்ததும் பையை மாட்டுறப்ப பெட்டி மேல கை படுதா? என்னை வர வேண்டாம்னு சொல்லச் சங்கடப்பட்டு, பெட்டி மேல குறை சொல்றியோன்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு.

ஈரமான தொட்டியை வெயில்ல வை.

லிஃப்ட்காரன்


ஜூன் 14

லிஃப்ட்காரருக்கு,

நான் பட்டனைத் தொடவே இல்ல. நேத்து நாற்காலியில கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். சரியா ஆறு அஞ்சுக்கு ஓடுச்சு.

இவ்வளவு நாளா சொல்லாததைச் சொல்லிடறேன். அது நீங்கன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். ‘எப்படி இருக்கே’ன்னு வாய் திறந்து கேட்க மாட்டீங்களே, அதுதானே நம்ம சண்டையெல்லாம்! நீங்க கிளம்பி, மாமாவும் உங்க அக்கா வீட்டுக்குப் போன பிறகு, இந்த வீட்டுல என்னைக் கேட்க ஆளில்ல. அந்தச் சத்தம் வந்தா, சரி, மனுஷனுக்கு நேர்ல கேட்க வரல, அங்கிருந்து பட்டனை அழுத்திக் கேட்கிறார்னு எடுத்துக்கிட்டேன். என் பிறந்தநாளன்னிக்கு மூணு தடவை ஓடுச்சு. ஹாலெல்லாம் தண்ணி. துடைச்சுக்கிட்டே சிரிச்சேன், அப்புறம் அழுதேன்.

திரும்பி வாங்கன்னு எழுதப் பேனாவைக் கையில எடுத்துட்டேன். நீங்கதானே? ஒத்துக்கோங்க, போதும்.

ஊசிக்காரி


ஜூன் 22

அன்புள்ள ஊசிக்காரிக்கு,

‘ஆமா, நான்தான்’னு ஒரு கடிதம் எழுதினேன். தபால்ல போடப் போய், கிழிச்சுட்டுத் திரும்பி வந்தேன். நான் இல்ல. உன் பிறந்தநாளை நான் மறந்தே போயிட்டேன்.

யார்னு தெரியாம, என் போனைத் தவிர வேற எந்தப் போன்ல இருந்தும் ஆப் வேலை செய்யாதபடி நிறுத்தினேன். ரெண்டாம் நாள் அக்கா கூப்பிட்டா. “டேய், அப்பா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல, போன் கெட்டுப்போச்சுன்னு புலம்பறார்”னு. அது நான் கொடுத்த பழைய போன். ஆப் அதுலயே இருந்திருக்கு. அப்பாகிட்ட கேட்டேன். “அந்தப் பொண்ணு ஆறு மணிக்குத்தான் வரும். காலி வீட்டுக்குள்ள நுழையுமே, ஒரு சத்தமாவது கேட்கட்டும்னு அழுத்தினேன். போன் பண்ணி என்னத்தடா பேசுவேன்? என் பிள்ளை விட்டுட்டுப் போனவகிட்ட”ன்னார். செடி அழுகினது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல.

வர்றதா, இங்கயே இருக்கறதான்னு நீதான் சொல்லணும்.

லிஃப்ட்காரன்


ஜூன் 27

லிஃப்ட்காரருக்கு,

உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. பொய் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன், சந்தோஷமாவும் இருந்திருப்பேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.

கோபமா வெட்கமான்னு எனக்கே புரியல. எட்டு மாசம் அந்த மோட்டார்கிட்ட ‘வந்துட்டேன், நல்லா இருக்கேன்’னு பதில் சொல்லியிருக்கேன். உங்களுக்குச் சொல்றதா நினைச்சு! உங்க மேல இருந்த கோபம் அதுலதான் கொஞ்சம் கொஞ்சமா ஆறுச்சு. இப்ப கணக்குப் போட்டுப் பார்த்தா, உங்ககிட்ட இருந்து எனக்கு வந்தது ஒண்ணுமே இல்ல. செடியை வெயில்ல வைன்னு ஒரு யோசனை, அவ்வளவுதான். இப்பவும் ‘நீதான் சொல்லணும்’ங்கிறீங்க. சரி, சொல்றேன். அங்கயே மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துடுங்க.

சனிக்கிழமை உங்க அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா என்னைப் பார்த்ததும் போனை முதுகுக்குப் பின்னால மறைச்சார். “செடிக்குத் தண்ணி ஜாஸ்தியாப் போச்சு மாமா, நீங்களே வந்து பாருங்க”ன்னேன். உடனே சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். உங்க அக்காவுக்கும் சம்மதம்தான். இனிமே அவர் என்கூடத்தான் இருப்பார். அவரோட பழைய ரூமைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டேன். காலையில குவளையில மொண்டு ஊத்தறார், விரலை விட்டு மண்ணைப் பார்த்துட்டு. பெட்டியைக் கழட்டித் தனியா பார்சல்ல அனுப்பியிருக்கேன்.

அவரைப் பார்க்க எப்ப வேணும்னாலும் வாங்க. என்னைப் பார்க்க வர வேண்டாம்.

ஊசிக்காரி