கப்பல் பார்க்கப் போன லாரி

சென்னை, பெரம்பூர்
4-2-1968

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி உதயசூரியன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜெயலட்சுமியும் சுகம். அங்கே எல்லாரும் சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

அப்பாவுக்கு இருதயம் வீங்கியிருக்கிறது, போர்ட் பிளேயரில் இதற்கு மேல் பார்க்க முடியாது என்று டாக்டர் கைவிரித்ததாக எழுதியிருந்தாய். யார் யாரையோ பிடித்து இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லிவைத்துவிட்டேன். மாதக் கடைசிக் கப்பலில் அத்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏறினால் போதும். துறைமுகத்தில் வண்டியோடு நிற்பேன்.

"நீதான் ஒருதடவை வந்து பாரேன்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். ரயில்வே ஆபீஸில் மார்ச் முடிகிறவரை லீவு என்று வாய் திறக்க முடியாது அக்கா. படிக்க வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன், சரி. அதற்காக அப்பாவை மறந்தவன் ஆகிவிடுவேனா? அம்மாவைக் கப்பல் இல்லாத வாரத்தில் பறிகொடுத்தோம். அப்பாவையாவது காப்பாற்றுவோம்.

தீபாவளிக்கு ஆள்மூலம் அனுப்பிய சட்டை அப்பாவுக்கு அளவாக இருக்கிறதா? எத்தனை கடிதமாகக் கேட்கிறேன், நீ அதை மட்டும் எழுதுவதே இல்லை.

அன்புத் தம்பி,
உதயன்


புரோத்ராபூர்
28-2-1968

என் ராசா உதயனுக்கு,

அக்கா சந்திரமதி ஆசீர்வாதம். தந்தி கிடைத்திருக்கும். அப்பா கப்பல் ஏறவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே.

பஸ்ஸில் அப்பாவால் உட்கார்ந்து வர முடியாது என்று உன் அத்தான் கான்டிராக்டரிடம் கேட்டு, தான் ஓட்டுகிற மர லாரியையே கொண்டுவந்தார். வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு அப்பாவைப் படுக்கவைத்தோம். நம்ம ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. ஒரு வீட்டிலிருந்து ஒருத்தர் மெயின்லேண்டுக்குப் போனால் தெருவே கப்பல் ஜெட்டிக்குப் போய்க் கையாட்ட வேண்டும். நம் அப்பா சொக்கலிங்கம் மேஸ்திரி போகிறார் என்றால் விடுவார்களா? பொன்னம்மா வீட்டார், எதிர்வீட்டு வங்காளிகள், மலையாளத்து நர்ஸ் குடும்பம் என்று லாரி நிறைந்துவிட்டது. யாரை இறங்கு என்பேன்? அப்பாவே வாசலுக்கு வாசல், "நிறுத்துப்பா, அவங்களும் வரட்டும்" என்கிறார்.

ஜங்கிலிகாட் திருப்பத்தில் போலீஸ் கை காட்டி மறித்துவிட்டது. போன மாதம் ஏதோ ஒரு லாரி கவிழ்ந்ததிலிருந்து சரக்கு லாரியில் ஆள் ஏற்றக்கூடாதாம். நோயாளி இருந்தால் மட்டும் விடுவார்களாம். எங்களை லாரியோடு போலீஸ் தானாவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். உன் அத்தான் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டது. பொன்னம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து அப்பா கஞ்சி குடித்தார். "உதயன் இப்ப என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். இதை விமானத் தபாலில் போடுகிறேன். அதே கப்பல்தான் திரும்பி இங்கே வருகிறது. நீ அதில் ஏறி வந்துவிடு தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அக்கா,
சந்திரமதி


சென்னை
9-3-1968

அக்காவுக்கு,

உன் தந்தி தாமதமாக வீட்டுக்கு வந்தபோது நான் துறைமுகத்தில் நிற்கிறேன். கடைசி ஆள் இறங்கும்வரை நின்றேன். ஸ்ட்ரெச்சர் தூக்க வந்தவர்கள், "சார், உங்க ஆள் எங்க?" என்று கேட்டார்கள்.

சாகக் கிடக்கிற மனிதரை வழியனுப்ப ஊரையே லாரியில் ஏற்றினாயே, இது கல்யாண ஊர்வலமா? சரி, அதுகூடப் போகட்டும். நோயாளி இருந்தால் விடுவோம் என்று போலீஸ்காரனே சொல்லியிருக்கிறான். இதோ படுத்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா? இல்லை, அப்பாவை என்னிடம் அனுப்ப உனக்கு மனசில்லையா? ஜெயலட்சுமி அப்படித்தான் சொல்கிறாள். நான் அவளை அதட்டினேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

நான் வந்து என்ன செய்ய? என்னிடமா வைத்தியம் இருக்கிறது? அடுத்த கப்பலில் அவரை அனுப்பு. அந்தப் போலீஸ்காரன் பேரை எழுது. அவனைச் சும்மா விடமாட்டேன்.

உதயசூரியன்


புரோத்ராபூர்
9-4-1968

தம்பிக்கு,

அப்பா போன செய்தி தந்தியில் தெரிந்திருக்கும். அன்றைக்கே எடுத்துவிட்டோம். அம்மாவுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். முதல் பிடி மண் உன் அத்தான் போட்டார். மருமகன் போடுகிறானே, மகன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அடுத்த கப்பலில் அனுப்பு என்று சுலபமாக எழுதிவிட்டாய். அதற்குள் கால் தூண்போல வீங்கிவிட்டது. கப்பல் டாக்டர் ஏற்றமாட்டேன் என்றுவிட்டார். கப்பல் வந்த அன்று அப்பா நீ அனுப்பிய அந்த நீலக் கோடு சட்டையைப் போட்டுவிடச் சொன்னார். வாசலில் நாற்காலி போட்டு, ஜெட்டியிலிருந்து திரும்புகிற லாரி, ஜீப் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டின பிறகு, "லீவு கிடைச்சிருக்காது" என்றார். சட்டையை அவரே கழற்றினார்.

உனக்கு மட்டும்தான் கோபம் வருமா? எனக்கு வராதா? அப்பாவை அனுப்ப எனக்கு மனசில்லை என்று எழுத உன் கை எப்படி வந்தது? போலீஸிடம் சொன்னேன். கத்திச் சொன்னேன். எடுபடவில்லை. அவ்வளவுதான்.

போலீஸ்காரர் பேர் எதற்கு? போன உயிர் திரும்பியா வரும்? விட்டுவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

சந்திரமதி


சென்னை
26-4-1968

அக்காவுக்கு,

நீ பேர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? வேறு ஆள்மூலம் விசாரித்துவிட்டேன். கான்ஸ்டபிள் கோவிந்தராஜ். சாகக்கிடந்தவரைக் கண்ணால் பார்த்தும் மறித்தான் என்று மேலதிகாரிக்கு மனு அனுப்பிவிட்டேன். என் அப்பாவைக் கொன்றவனுக்கு நீ ஏன் பரிந்து பேசுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

இங்கே காரியம் முறைப்படி செய்தேன்.

உதயசூரியன்


புரோத்ராபூர்
20-6-1968

தம்பி உதயா,

கோவிந்தராஜை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். தெலுங்குக்காரர், பச்சைப் பிள்ளைக்காரர். அவர் பெண்சாதி என் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு அழுதுவிட்டுப் போனாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியில்லை. அப்பா சொல்லக்கூடாது என்று கையில் அடித்து வாங்கிக்கொண்ட சத்தியத்தை மீறுகிறேன். அவர் என்னை மன்னிக்கட்டும்.

அன்றைக்கு லாரியை நிறுத்தியதும் அந்த மனுஷன் முதலில் கேட்டதே, "பீமார் கோன் ஹை? பீமார் ஆத்மி ஹை தோ ஹமாரா ஜீப் மே பேஜ் தேகா" என்றுதான். நோயாளி இருந்தால் சொல்லுங்கள், எங்கள் ஜீப்பிலேயே ஜெட்டிக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். ஒருதடவை இல்லை, இரண்டுதடவை கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அரே பேட்டா, மேரே கோ க்யா ஹுவா? ஜஹாஸ் தேக்னே ஜாத்தா ஹை" என்று சிரித்தார். எனக்கு என்னப்பா கேடு, எல்லாரும் கப்பல் பார்க்கப் போகிறோம் என்கிறார். நான், "ஜூட் போல்த்தா ஹை, பொய் சொல்றார், அவர்தான் நோயாளி" என்று கத்தினேன். கப்பல் நாளில் மறிக்கிற ஒவ்வொரு லாரியிலும் ஒரு நோயாளியைக் காட்டுவது இங்கே வாடிக்கையாகிவிட்டது. அதனால் கோவிந்தராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தீதி, உங்க நோயாளி என்னைவிட நல்லா இருக்காரே" என்றார். வண்டியில் இருந்தவர்கள் யாரும் மேஸ்திரி வார்த்தைக்கு எதிர் வார்த்தை சொல்லவில்லை. அவர் பேச்சை மறுத்துப் பேசி இந்தத் தெருவில் யாருக்குப் பழக்கம்?

வீட்டுக்கு வந்து அவர் மேல் பாய்ந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், பாவி, என்று கேட்டேன். அப்பா சொன்னார்: "நான் அங்க போயிட்டா அவன் இங்க எதுக்கும்மா வருவான்? நான் போகலைன்னா அவன் வந்துதானே ஆகணும். அவன் வந்து உங்கம்மாவை வச்ச இடத்தைப் பாக்கட்டும், இந்த வீட்டுல ஒரு ராத்திரி படுக்கட்டும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் அவன்கூடவே போறேன். இதை அவனுக்கு எழுதாதே. சொல்லி வந்தா அது வந்த மாதிரியா?"

நான் எழுதவில்லை. அதே கப்பலில் வா என்று மட்டும் எழுதினேன். நீ வரவில்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லையடா. உன்னை எதிர்பார்த்துத்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். உன்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. மனுவை வாபஸ் வாங்கிக்கொள். ஒரு குடும்பம் தெருவில் நிற்கிறது.

அக்கா


புரோத்ராபூர்
30-8-1968

அன்புத் தம்பி உதயனுக்கு,

நீ பதில் எழுதவில்லை. இரண்டு கப்பல் தபால் வந்தும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கோவிந்தராஜ் மறுபடி காக்கிச்சட்டை போட்டுவிட்டார். நீ மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டாய் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். நன்றாயிரு.

நேற்று அவர் வீட்டுக்கு வந்தார். நீ அவருக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதத்தைத் தானாவில் ஒருத்தரைவிட்டுப் படிக்கச்சொல்லிக் கேட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டிருக்கிறாயாம். கீழே, "அன்று என் தகப்பனார் எழுந்து உட்கார்ந்தபோது என்ன சட்டை போட்டிருந்தார்? பேசும்போது மூச்சு வாங்கியதா?" என்று கேட்டிருக்கிறாயாம். மனுஷன் என் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "தீதி, எனக்கு ஞாபகம் இல்லை, க்யா லிக்கூம்?" என்று நிற்கிறார். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்கிறார்.

எழுதச் சொல்லிவிட்டேன். அவர் பேரில் உனக்கு வரும். நீலக் கோடு போட்ட சட்டை. நீ தீபாவளிக்கு அனுப்பியது. தோள் கொஞ்சம் லூஸ். அளவு சரியில்லை என்று உனக்கு எழுதக்கூடாது என்று அப்பாதான் சொல்லியிருந்தார். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பேசும்போது மூச்சு வாங்கவில்லை. போலீஸ்காரர் முகத்தைத் திருப்பின பிறகுதான் வாங்கியது.

கோவிந்தராஜ் கடிதத்தில் வராதது ஒன்று உண்டு. அவருக்குத் தெரியாது. அப்பாவால் தானாக எழுந்து உட்கார முடியாது, தம்பி. என்மேல் சாய்ந்துதான் உட்கார்ந்தார். நான் முதுகுப்பக்கம் இருந்து தாங்கிக்கொண்டே அவர் பொய் சொல்கிறார் என்று கத்தினேன். கொஞ்சம் விலகியிருந்தால் சரிந்திருப்பார், போலீஸ் பார்த்திருக்கும், ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள், கப்பல் கிடைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் இதை நினைக்கிறேன். அப்பா விழட்டும் என்று எந்த மகளடா விலகுவாள்?

இதை என்னிடம் கேட்டிருக்கலாம். நான்தானே பக்கத்தில் இருந்தேன்.

உன் அக்கா,
சந்திரமதி