குங்குமம் கசிந்த சுவர்

நம் கடையின் நிலவறையில் இன்று காலை சுவரின் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். நனைந்த சுண்ணாம்பின் வாசனை படியேறி வந்தபோது, கல்லாவில் இருந்த எனக்கு உன் ஞாபகம் வந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது. சந்தேகம்.

சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய இந்தச் சந்தில் நீயும் நானும் பூசைச் சாமான் விற்ற காலமெல்லாம் அந்தச் சுவர் வியர்த்துக்கொண்டே இருந்தது. தீபாவளிக்கு முன்னால் அதற்கு எண்ணெய்ச் சாயம் அடிப்பாய். தைப்பூசத்துக்குள் கொப்புளித்து உரிந்துவிடும். "சுவர்ல தப்பில்லடா, பக்கத்துக் கடைதான் காரணம்" என்பாய். பக்கத்தில் பூக்கடை. பூக்காரர் நாள் முழுக்கப் பூவுக்குத் தண்ணீர் தெளிப்பவர். குற்றவாளிக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அவர் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், அவர் தண்ணீர்தான் கசிகிறதா என்று சோதிக்க நம் குங்குமத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அவருடைய வடிகாலில் ஊற்றினாய். சில நாளில் நம் சுவரில் சிவப்பு படர்ந்தது. "பாத்தியா? ஆதாரம் லா இது!" என்றாய். இருவரும் போய் அவர் வாசலில் நின்று கத்தினோம்.

"வெறுந்தண்ணி தெளிக்கிறேன்ணே. அதுல குங்குமம் எப்படி வரும்?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்வி. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினோம்.

அன்றோடு பேச்சு நின்றது. தேக்கா சந்தையில் அவர் எதிரே வந்தால் நான் மீன் வாங்குவதுபோல் திரும்பிக்கொள்வேன். நான் சைவம் என்பது மீன்காரருக்கும் தெரியும்.

இன்று பெயர்த்தெடுத்த பூச்சைப் புரட்டிப் பார்த்தேன். சிவப்பு நம் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் தண்ணீர் என்றால் முதலில் பின்பக்கமல்லவா சிவந்திருக்க வேண்டும்? அந்த இடத்தில்தான் நம் குங்கும மூட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தோம். நிலத்து ஈரம் சுவரில் ஏறி மூட்டைகளை நனைத்திருக்கிறது. அவ்வளவுதான் ஆதாரம்.

சண்டை போட்ட மறுவாரமே அந்த மூட்டைகளை நீ தனியாக மாடிக்கு ஏற்றினாய். கேட்டதற்கு "எலி" என்றாய். குங்குமம் தின்னும் எலியை நான் அன்றே சந்தேகித்திருக்க வேண்டும். உனக்குத் தெரிந்திருக்கிறது.

பூக்காரரிடம் சொல்வதா, சாயமடித்து மூடுவதா என்று மத்தியானம் வரை யோசித்தேன். செத்துப்போனவன் சார்பில் மன்னிப்புக் கேட்பது சிரமமான வேலை. அவன் மறுத்துப் பேச வரமாட்டான் என்பது ஒன்றுதான் வசதி. கடைசியில் போனேன்.

மாலை கட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"அந்தச் சுவர்ல வந்த தண்ணி உங்களோடது இல்ல" என்றேன்.

"தெரியும் லா. உங்க கூட்டாளி அப்பவே வந்து மன்னிப்புக் கேட்டுட்டாரு. அப்புறம் வாராவாரம் முக்கு டீக்கடையில ரெண்டு பேரும் தே குடிப்போம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்லுங்கன்னேன். 'வேணாம்ணே, அவன் இந்தச் சண்டைய ரொம்ப ஆசையா வச்சிருக்கான்'னாரு."

அந்தப் பகையை இத்தனை காலம் உனக்காகத்தான் காவல் காத்ததாக நினைத்திருந்தேன். நீ அதை அப்போதே கைவிட்டுவிட்டாய், காவல்காரனுக்குத்தான் சொல்லவில்லை.

கீழே புதுப்பூச்சு காய்கிறது. இனி எண்ணெய்ச் சாயம் கிடையாது. ஈரம் வந்த வழியே போகட்டும் என்று சுண்ணாம்பு மட்டும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்குத் தொற்றிய சந்தேகம் அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறது.

அவர் கடையிலிருந்து நான் புறப்படும்போது பூக்காரர், "நாளைக்கு வாங்களேன், தே குடிக்கலாம். அவரு போனப்புறம் தனியாத்தான் குடிக்கிறேன்" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி நீ இன்னும் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.